சாதாரணக் காயம் என்றால் கொலை முயற்சி வழக்கு நிற்காதா?

கேள்வி: வணக்கம் மேடம். எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம் கிராமம். போன புரட்டாசியில் சம்பா நடவுக்குத் தண்ணீர் விடுவதில் என் அண்ணனுக்கும் எங்கள் பெரியப்பா மகனுக்கும் சாயங்காலம் வாய்த்தகராறு. ராத்திரி பதினோரு மணிக்கு அண்ணன் மடையில் குனிந்து மண் வெட்டிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா மகன் பின்னாலிருந்து வந்து மம்பட்டியால் தலையில் வெட்டிவிட்டான். திரும்பவும் ஓங்கினான். பக்கத்து வயலுக்கு மோட்டார் போட வந்தவர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். தலையில் துண்டு கட்டியிருந்ததால் அண்ணன் பிழைத்தான். இடது காதுக்கு மேலே ஏழு தையல். மன்னார்குடியில் முதலுதவி, தஞ்சாவூர் மெடிக்கலில் மூன்று நாள். எலும்பு முறிவு இல்லை. ஒரு மாதம் தலைசுற்றலோடு படுத்திருந்தான். ஸ்டேஷனில், 'டாக்டர் சாதாரணக் காயம் என்று எழுதிவிட்டார், அதனால் 307 வராது, ஆயுதத்தால் காயப்படுத்திய செக்‌ஷன்தான்' என்கிறார்கள். இன்னும் சார்ஜ் ஷீட் போடவில்லை. அண்ணன் அடித்ததில் தன் கையில் காயம் என்று அவனும் ஒரு புகார் கொடுத்திருக்கிறான். அண்ணன் தடுத்தபோது பட்டிருக்கலாம். கொல்லத்தான் வந்தான் என்பதை எப்படி நிரூபிப்பது? ஊரில் சமாதானமாகப் போகச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, ஸ்டேஷனில் உங்களுக்குச் சொன்னது சட்டப்படி சரியில்லை. காயம் சின்னதாக இருப்பதால் மட்டும் கொலை முயற்சி இல்லாமல் போகாது. சம்பவம் 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது என்பதால் உங்களுக்குப் பொருந்துவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 109-ஆவது பிரிவு. நீதிமன்ற வராண்டாவில் இன்றும் எல்லாரும் பழைய சட்டத்தின் எண்ணை வைத்து 307 என்றுதான் சொல்கிறோம், சாரம் அதேதான். அந்தப் பிரிவு கேட்பது ஒரே கேள்வி: இந்தச் செயலால் அந்த ஆள் செத்திருந்தால், செய்தவன் கொலைக் குற்றவாளி ஆகியிருப்பானா? ஆம் என்றால், சாகாவிட்டாலும் பத்து வருடம் வரை தண்டனை. காயமும் பட்டிருந்தால் ஆயுள் வரை போகலாம். காயமே படாத சம்பவத்துக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். குறி தப்பிப்போன துப்பாக்கிச் சூட்டுக்குக் காயம் எங்கே இருக்கிறது?

1983-ல் மகாராஷ்டிர அரசு எதிர் பல்ராம் பாமா பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. உயிர்போகும் அளவுக்குக் காயம் பட்டிருக்க வேண்டியதில்லை. விளைவு என்னவானாலும், எந்த நோக்கத்தோடு, என்ன தெரிந்துகொண்டு செய்தான் என்பதைப் பார்க்க வேண்டும் என்றது. அதற்கு முன்பே 1961-ல் பஞ்சாபிலிருந்து ஒரு வழக்கு வந்தது. மனைவிக்குச் சோறு போடாமல் அடைத்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகவிட்ட கணவன். அந்தப் பெண் எப்படியோ தப்பி மருத்துவமனைக்குப் போய் உயிர் பிழைத்தார். வெட்டும் இல்லை, குத்தும் இல்லை. ஆனாலும் கொலை முயற்சிதான் என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 2019-லும் சாதாரணக் காயம் என்பதற்காக 307-ஐ விட்டுவிட முடியாது என்று அதே நீதிமன்றம் மறுபடி சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் ஸ்டேஷனில் வாதாட வேண்டாம். உங்கள் மனுவில் எழுதுங்கள், போதும்.

சரி, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் தலையில் விழுந்த அடியெல்லாம் 109 ஆகிவிடாது. நான் இரண்டு பக்கமும் வழக்கு நடத்துகிறவள். குற்றம் சாட்டப்பட்டவருக்காக நிற்கும்போது நான் முதலில் தேடுவது, புகார்க்காரர் எங்கே மிகைப்படுத்தியிருக்கிறார் என்பதைத்தான். எதிர்த்தரப்பு வக்கீலும் உங்களிடம் அதையே தேடுவார். ஆகவே உங்கள் வழக்கை எதிர்த்தரப்பிலிருந்தும் பார்த்தே எழுதுகிறேன்.

நம் பகுதியில் ஆயுதம் என்ற சொல்லே கொஞ்சம் சிக்கலானது. நடுராத்திரி ஒருவன் கையில் மம்பட்டியோடு வரப்பில் நடந்தான் என்றால், வேறு ஊரில் அது சந்தேகத்துக்குரிய விஷயம். இங்கே சம்பா நேரத்தில் மம்பட்டி இல்லாமல் நடந்தால்தான் ஆச்சரியம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் பிரிந்து, உங்கள் வாய்க்காலுக்கு வருகிற நேரம் ராத்திரி என்றால் ராத்திரிதான் போயாக வேண்டும். அதனால் 'மம்பட்டியோடு வந்தான், ஆகவே கொல்ல வந்தான்' என்ற வாதத்தை இந்தப் பக்கத்து நீதிபதி யாரும் அப்படியே ஏற்க மாட்டார். வீட்டிலிருந்து அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தால் அது வேறு.

நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். அன்று ராத்திரி தண்ணீர் பாய்ச்சும் முறை யாருடையது? உங்கள் அண்ணனுடைய முறையா, பெரியப்பா மகனுடையதா? அவனுடைய முறை இல்லை, அவன் வயலுக்குத் தண்ணீர் பாயவும் இல்லை என்றால், அந்த நேரத்தில் மம்பட்டியோடு அந்த மடைக்கு வர அவனுக்கு என்ன வேலை? இந்த ஒரு விஷயம், 'கொன்றுவிடுவேன்' என்று கத்தினான் என்பதைவிடப் பத்து மடங்கு பேசும். முறை வைப்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நோட்டில் எழுதி வைத்திருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டலாம். எழுதவில்லை என்றாலும் முறை வைக்கும் பெரியவர், அதற்கு முந்தின இரவும் பிந்தின இரவும் பாய்ச்சியவர்கள் சொல்லலாம். விசாரணை அதிகாரி வெளியூர்க்காரராக இருந்தால் இது அவருக்குத் தோன்றவே தோன்றாது. நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அன்று அவனுடைய முறைதான் என்றால் அதையும் மறைக்காதீர்கள். அப்போது உங்கள் வழக்கு வேறு காலில் நிற்க வேண்டும்.

முறையை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், எதிர்த்தரப்பு எடுக்கப்போகும் வாதம் 'திடீர்ச் சண்டை'. முன்கூட்டித் திட்டமில்லாமல், திடீரென்று மூண்ட சண்டையில், ஆத்திரத்தின் சூட்டில், கொடூரமாக நடக்காமல், முறைகேடான சாதகம் எடுத்துக்கொள்ளாமல் ஒருவன் அடித்து மற்றவன் செத்தால், சட்டம் அதைக் கொலை என்று சொல்வதில்லை. கொலையாகாத மரணம் என்கிறது. அந்தக் கணக்கு முயற்சிக்கும் பொருந்தும். அப்போது 109 போய், கொலையாகாத மரணத்துக்கான முயற்சி என்ற 110 வரும். அதில் தண்டனை மூன்று வருடம் வரை, காயம் பட்டிருந்தால் ஏழு வருடம் வரை. அவர்கள் இதைத்தான் பிடிப்பார்கள்: இரண்டு பேரும் மடையில் கைகலந்தார்கள், இருட்டில் மம்பட்டி பட்டுவிட்டது, என் கட்சிக்காரர் கையிலும் காயம் இருக்கிறது. இதற்குப் பதில் நேரக் கணக்கில் இருக்கிறது. சாயங்காலம் சண்டை எத்தனை மணிக்கு, எங்கே, யார் எதிரில்? அது முடிந்து அவரவர் வீட்டுக்குப் போனார்களா? நடுவில் எவ்வளவு நேரம்? ஆறு மணிச் சண்டைக்குப் பதினோரு மணிக்கு வந்து குனிந்திருந்தவனைப் பின்னாலிருந்து அடிப்பது, சண்டைச் சூட்டில் நடந்தது ஆகாது. ஆனால் மடையில் மறுபடி பேச்சு வளர்ந்து, அதன்பிறகு அடி விழுந்தது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் தானாக வெளிவருவதைவிட நீங்களே சொல்வது நல்லது.

இப்போது அந்தத் துண்டுக்கு வருகிறேன். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் வழக்கின் உயிரே அதில்தான் இருப்பதாகப் படுகிறது. அந்தத் துண்டு எங்கே? மருத்துவமனையில் அவிழ்த்துப் போட்டார்களா, வீட்டுக்கு வந்ததா, துவைத்தாகிவிட்டதா? துவைத்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். ரத்தம் போயிருக்கலாம், வெட்டு போகாது.

முண்டாசாகக் கட்டிய துண்டு தலையில் பல மடிப்பாக இருக்கும். கூரான விளிம்பு ஒரு தடவை பாய்ந்தால், துண்டை அவிழ்த்து விரிக்கும்போது ஒரே வெட்டு ஐந்தாறு இடத்தில் வரிசையாகத் தெரியும். பழையபடி மடித்துப் பார்த்தால் எல்லா வெட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து உட்காரும். எத்தனை மடிப்பைத் தாண்டித் தலையைத் தொட்டது என்பதை அங்கேயே எண்ணிவிடலாம். வெட்டு வாயை உற்றுப் பாருங்கள். கூர்முனை பட்ட இடத்தில் நூல்கள் ஒரே மட்டத்தில் நறுக்கினாற்போல் நிற்கும். மழுங்கிய பாகம் பட்டுக் கிழிந்திருந்தால் இழை பிய்ந்து நீண்டு கிடக்கும். மம்பட்டியின் வெட்டும் விளிம்பால் விழுந்த அடியா, திருப்பிப் பிடித்துப் பின்புறத்தால் விழுந்ததா, காம்பால் விழுந்ததா என்பதை அந்தத் துணி சொல்லும். கொல்ல நினைக்கிறவன் எந்தப் பக்கத்தால் அடிப்பான், மிரட்ட நினைக்கிறவன் எந்தப் பக்கத்தால் அடிப்பான் என்பதை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இது முக்கியமாவதற்கு மருத்துவத்திலும் காரணம் உண்டு. தலைத்தோல் எலும்பின்மேல் இழுத்துக் கட்டினாற்போல் இருப்பதால், மழுங்கிய பொருளால் அடித்தாலும் தோல் நேர்கோட்டில் பிளந்து, வெட்டுக்காயம் போலவே தெரியும். தையல் போட்ட பிறகு பார்க்கும் டாக்டரால் எது என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம். முதலில் பார்த்த டாக்டர் காயத்தின் ஓரம் சீராக இருந்ததா, நசுங்கியிருந்ததா என்று எழுதியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். எழுதவில்லை என்றால் துண்டுதான் துணை. காயம் ஏன் சின்னதாகிப் போனது என்பதற்கும் அதுவே பதில். அவன் மெதுவாக அடித்ததால் எலும்பு முறியாமல் இருந்ததா, வேகமாகத்தான் அடித்தான், துணி தாங்கியதா? இதுதான் நீதிமன்றம் தெரிந்துகொள்ள விரும்புவது.

துண்டு வீட்டில் இருந்தால் உலர்ந்த நிலையில் காகிதப் பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். விரித்தும் மடித்தும், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். பிறகு ஒரு மனுவோடு விசாரணை அதிகாரியிடம் ஒப்படையுங்கள். மகஜர் (சாட்சிகள் முன்னால் எழுதும் கைப்பற்றல் குறிப்பு) எழுதிக் கைப்பற்றி, நீதிமன்றம் வழியாகத் தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று மனுவில் கேளுங்கள்; மனுவின் நகலில் ரசீது வாங்குங்கள். இவ்வளவு நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். 'கேட்கவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை' என்பது உண்மையானால் அதையே எழுதுங்கள். நீங்களே கத்தரித்துக் கொண்டுவந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதற்காகத்தான் தலையிலிருந்து அந்தத் துண்டை முதலில் அவிழ்த்தது யார், அதன்பிறகு யார் கையில் இருந்தது என்பதை இப்போதே ஞாபகப்படுத்தி வைக்கச் சொல்கிறேன். அவிழ்த்தவரும் ஒரு சாட்சி.

அடுத்தது மருத்துவமனையில் முதல் பதிவு, ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) என்போமே அது. மன்னார்குடியில் அண்ணனைக் கொண்டுபோனபோது டூட்டி டாக்டர் கேட்டிருப்பார்: யார் அடித்தது, எத்தனை பேர், எதனால், எத்தனை மணிக்கு, எங்கே? அதற்குச் சொன்ன பதில் அந்த ரெஜிஸ்டரில் இரண்டு வரியாக இருக்கும். போலீஸும் வக்கீலும் சொந்தக்காரர்களும் கலந்து பேசுவதற்கு முன்னால் சொன்னது என்பதால் நீதிமன்றத்தில் அதற்குத் தனி மதிப்பு. 'தெரிந்த நபர் ஒருவர், மம்பட்டியால்' என்று அதில் இருந்து, எஃப்ஐஆரில் மூன்று பேர் பெயர் இருந்தால், வழக்கு அந்த இடத்திலேயே நொண்டும். உங்கள் புகாரில் பெரியப்பாவையும் அவருடைய இன்னொரு மகனையும் சேர்த்திருக்கிறீர்களா? அவர்கள் அங்கே இல்லை என்றால், தயவுசெய்து சாட்சிக் கூண்டில் அந்தப் பொய்யைச் சொல்லாதீர்கள். ஒரு குடும்பத்தையே உள்ளே வைக்கப் பார்த்து, அடித்தவனே விடுதலையான வழக்குகளை இந்த மாவட்ட நீதிமன்றங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காயம் பட்ட இடத்தையும் சும்மா விடக்கூடாது. காதுக்கு மேலே, பொட்டுப் பக்கத்தில் மண்டையோடு மெல்லியது. அதன் உள்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால் மூளைக்கு வெளியே ரத்தம் கட்டி, ஆள் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சில மணி நேரத்தில் போய்விடலாம். அதனால்தான் ஸ்கேன் எடுத்து, மூன்று நாள் வைத்துக் கவனித்திருக்கிறார்கள். டாக்டர் 'சாதாரணக் காயம்' என்று எழுதியது உண்டான காயத்தைப் பற்றி மட்டும். அடித்தவன் மனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இந்த மம்பட்டியால், இந்த இடத்தில், துணி இல்லாமல் இதே வேகத்தில் அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கருத்தை, கைப்பற்றிய மம்பட்டியைக் காட்டி டாக்டரிடம் எழுத்தில் வாங்கும்படி விசாரணை அதிகாரியைக் கேளுங்கள்.

காயத்தைப் பற்றி இன்னொரு முக்கியமான விஷயம். ஒரு மாதம் தலைசுற்றலோடு படுத்திருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். எலும்பு முறிந்தால்தான் கொடுங்காயம் என்பதில்லை. புதிய சட்டத்தின் 116-ஆவது பிரிவின்படி, பதினைந்து நாள் கடுமையான உடல் வலியில் இருந்தாலோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம். பழைய சட்டத்தில் இது இருபது நாளாக இருந்தது. ஆயுதத்தால் சாதாரணக் காயம் என்றால் 118(1), அதில் மூன்று வருடம் வரை அல்லது அபராதம். கொடுங்காயம் என்றால் 118(2), அதில் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஆயுள். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். ஆனால் படுத்திருந்தான் என்று வாயால் சொன்னால் போதாது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு போய்க் காட்டிய ஓ.பி. சீட்டு, மாத்திரை எழுதிய தேதிகள், அந்த நடவுக்கு அண்ணன் இறங்க முடியாமல் யாரைக் கூலிக்கு வைத்தீர்கள் என்பது, எல்லாவற்றையும் சேர்த்துக் காயச் சான்று கொடுத்த டாக்டரிடமும் விசாரணை அதிகாரியிடமும் கொடுங்கள். 109 கடைசியில் நிற்காமல் போனாலும் இது உங்களைத் தாங்கும்.

இரண்டாவது ஓங்கலுக்கு வருவோம். ஒரே அடி அடித்துவிட்டு, ரத்தத்தைப் பார்த்ததும் மம்பட்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் மனநிலை ஒன்று. ரத்தத்தைப் பார்த்த பிறகும் மறுபடி ஓங்குகிறவன் மனநிலை வேறு. அவனை நிறுத்தியது எது? அவன் மனமா, பக்கத்து வயல்காரர் கையா? நோக்கத்தைக் காட்டுவதில் இதற்கு ஈடு கிடையாது. ஆகவே பக்கத்து வயல்காரர்தான் உங்கள் வழக்கின் தூண். அவர் எங்கே நின்றார், எவ்வளவு தூரம், எந்த வெளிச்சத்தில் பார்த்தார்? மோட்டார் கொட்டகையில் பல்பு எரிந்ததா, கையில் டார்ச் இருந்ததா? ஓங்கிய கையைப் பிடித்தாரா, இடுப்பைக் கட்டிப் பிடித்தாரா? மம்பட்டி எங்கே விழுந்தது? இவையெல்லாம் அவருடைய போலீஸ் வாக்குமூலத்தில் இருக்க வேண்டும். 'சத்தம் கேட்டு ஓடிவந்தேன், அண்ணன் ரத்தக் காயத்தோடு கிடந்தார்' என்று மட்டும் எழுதியிருந்தால், கண்ணால் பார்த்த சாட்சி காதால் கேட்ட சாட்சியாகிவிடுகிறார்.

அவர் மேல் வரப்போகும் அழுத்தத்தையும் இப்போதே நினைத்துப் பாருங்கள். அவருக்கும் அதே வாய்க்கால்தான், அதே ஊர்தான். இரண்டு வருடம் கழித்துத் திருவாரூர் நீதிமன்றத்தில் கூண்டேறும்போது 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று பிறழ்சாட்சியாகிவிடக்கூடும். மாஜிஸ்ட்ரேட் முன்னால் அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்ய விசாரணை அதிகாரி ஏற்பாடு செய்யலாம். முன்பு 164 என்போம், இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆவது பிரிவு. அதைக் கேளுங்கள். ஆனால் நீங்களோ உங்கள் சொந்தக்காரர்களோ அவர் வீட்டுக்குப் போய் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தாதீர்கள். அவர் கடைசியில் பின்வாங்கினாலும் பயப்பட வேண்டாம். காயம்பட்டவருடைய சாட்சியத்துக்கு நீதிமன்றங்கள் எப்போதுமே கூடுதல் மதிப்புக் கொடுக்கின்றன; அண்ணன் ஒருவர் ஒழுங்காக, கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் அதன்மேலேயே தண்டனை நிற்கலாம்.

புகார் எழுதித் தருகிறவர்கள் வழக்கமாகச் சேர்க்கும் வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன் என்று சொல்லி, கொலை செய்யும் கெட்ட எண்ணத்தோடு' என்று ஆரம்பிக்கும் அந்த வாக்கியம் எல்லா எஃப்ஐஆரிலும் இருக்கிறது. ஐந்து சாட்சியும் அதையே எழுத்து மாறாமல் சொன்னால் நீதிபதி நம்புவதற்குப் பதில் சந்தேகப்படுகிறார். பெரியப்பா மகன் உண்மையிலேயே என்ன சொன்னான்? ஒன்றும் சொல்லாமல் வந்து வெட்டினான் என்றால் அப்படியே சொல்லுங்கள். குனிந்திருந்தவன் பின்னால் சத்தமில்லாமல் வந்தது, கத்திக்கொண்டு வந்ததைவிட அதிகம் காட்டிக்கொடுக்கும்.

எதிர்ப்புகாரை அலட்சியம் செய்யாதீர்கள். அவன் கையில் உண்மையிலேயே காயம் இருந்தால், அது எப்படி வந்தது என்று உங்கள் தரப்பு சொல்லியாக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் மேலிருக்கும் காயத்தை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால் வழக்கையே அது பலவீனப்படுத்தும் என்று 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அண்ணன் கையைத் தூக்கித் தடுத்தபோது பட்டது, அல்லது பக்கத்து வயல்காரர் பிடித்து இழுத்தபோது பட்டது, எது உண்மையோ அது வாக்குமூலத்தில் வரட்டும். இரண்டு புகாரையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும். இரண்டும் வழக்கானால் ஒரே நீதிபதி முன்னால் அடுத்தடுத்து நடக்க வேண்டும். தனித்தனியாகப் போனால் ஆட்சேபம் எழுப்புங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். சார்ஜ் ஷீட் போடுவதற்கு முன்னால் பிரிவை மாற்றுவது விசாரணை அதிகாரி கையில் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு ஒரு மாற்ற அறிக்கை கொடுத்தால் போதும். அண்ணன் பெயரில், நான் மேலே சொன்ன விவரங்களை வைத்து மனு எழுதி ஸ்டேஷனில் கொடுங்கள், டிஎஸ்பிக்கும் எஸ்பிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 193-ஆவது பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். 118(1)-லேயே சார்ஜ் ஷீட் போட்டுவிட்டாலும் கதவு மூடிவிடாது. சாட்சியத்தைப் பார்த்து இது செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்க வேண்டியது என்று தோன்றினால், மாஜிஸ்ட்ரேட்டே அதே சட்டத்தின் 362-ஆவது பிரிவில் அனுப்பிவைக்கலாம். வழக்கு நடத்துவது அரசு வக்கீல்தான் என்றாலும், நீதிமன்ற அனுமதியோடு அவருக்கு உதவ நீங்கள் தனியாக ஒரு வக்கீலை வைக்கலாம். வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

கடைசியாக, சமாதானம். 109 நீங்களும் அவனும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய பிரிவு கிடையாது. உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நீங்கள் திருவாரூர் மாவட்டம் என்பதால் சென்னைக்கு, தஞ்சாவூர்க்காரர்கள் போல மதுரைக்கு இல்லை. அங்கேயும் 'சமாதானமாகிவிட்டோம்' என்ற ஒரு வார்த்தைக்காக ரத்து செய்ய மாட்டார்கள். 2014-ல் நரிந்தர் சிங் வழக்கிலும், 2019-ல் லட்சுமி நாராயண் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது: காயம் எங்கே, என்ன ஆயுதம், உண்மையிலேயே கொலை முயற்சிக்கான ஆதாரம் இருக்கிறதா, அல்லது பெயருக்கு அந்தப் பிரிவைச் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னது. அதையும் விசாரணை முடிந்து ஆதாரங்கள் திரண்ட பிறகுதான் பார்க்க வேண்டும்.

சமாதானமே கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஒரே வாய்க்கால், ஒரே குலதெய்வம், வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இன்னும் முப்பது வருடம் விவசாயம் பண்ண வேண்டியவர்கள். ஆனால் முடிவு எடுக்க வேண்டியது தலையில் வெட்டுப்பட்ட உங்கள் அண்ணன். ஊர்ப் பெரியவர்களோ நீங்களோ எடுக்க முடியாது. அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், அண்ணியையும் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள். ராத்திரி முறை வந்தால் தனியாக மடைக்குப் போக அவருக்குப் பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அந்தப் பயம் போகிற அளவுக்கு எதிர்த்தரப்பு என்ன உத்தரவாதம் தரும் என்பதுதான் பேச்சுவார்த்தையின் முதல் விஷயமாக இருக்க வேண்டும். பணம் அதற்கு அப்புறம். அதுவரைக்கும் பஞ்சாயத்தில் யார் எழுதி நீட்டினாலும், குறிப்பாக வெற்றுப் பத்திரத்தில், அண்ணன் கையெழுத்துப் போட வேண்டாம். 'சின்னத் தகராறு, தவறுதலாகப் பட்டுவிட்டது' என்று ஒரு வரி அதில் இருந்தால் போதும், நாளைக்குக் குறுக்கு விசாரணையில் முதலில் நீட்டப்படும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.